போகிக்குள் பஜார் போய்ச் சேர்ந்தாயிற்று, மச்சான்

முகாம்: பாம்பூஃப்ளாட்
போகித் திருநாள், மாலை நாலரை மணி

அன்பும் பாசமும் லாரிகளைப் பற்றிய சகல ஞானமும் ஒருங்கே அமையப்பெற்ற பரமக்குடி மச்சான் திரு. அன்பழகன் அவர்களுக்கு, தங்கள் தங்கை இந்திராணியைக் கைப்பிடித்த உதயசூரியன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், இந்திராணி, வண்டி ஆகிய மூவரும் சௌக்கியம். அங்கு தாங்களும், தங்கச்சி சுதாவும், தங்கள் ஒர்க் ஷாப்பும் சௌக்கியமாக இருக்க முருகன் துணை. எழுத்து கொஞ்சம் ஆட்டமாகத்தான் இருக்கும். சந்தோஷத்தில் கை ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. காகிதத்தின் பின்பக்கம் அச்சடித்திருப்பதைத் தயவுசெய்து படிக்க வேண்டாம்.

போனில் சொல்லாமல் இதென்ன இந்தக் காலத்தில் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் "வண்டி" என்று வாயெடுத்ததும் பரமக்குடியில் சிக்னல் போய்விடுகிறது. ரேடியேட்டரை நாற்பத்து மூன்று கோணத்தில் படமெடுத்து அனுப்பினேன் என்பதற்காக வாட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். ஆகையால் எழுத்து மூலம். மேலும், தோற்றவருக்குத் தோல்வியைத் தெரிவிக்கும் தகவல் எழுத்தில் இருப்பதே முறை என்று முப்பத்து மூன்று வருஷம் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவன் கருதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஆவணியில் தாங்கள் விமானத்தில் வந்து இறங்கி, என் வாசலில் நின்ற பிக்அப் வண்டியின் டயரை ஒரு உதை உதைத்து, உதைத்த காலையே ஐந்து நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். வலி அடங்கியபின், பக்கத்து வீட்டு சௌமியா முதல் பால்காரர் வரை எல்லோரும் கேட்க, "மாப்ளே, இதுல கோழி அடைக்கலாம், ஆடு கட்டலாம், ஏறி உக்காந்து போக மட்டும் முடியாது" என்று தீர்ப்பும் சொன்னீர்கள். எனக்குக் கோபம் வந்ததா இல்லையா? வந்தது. பந்தயம் என்றேன். போகிக்குள் இந்த வண்டி, வேறு எந்த வண்டியும் இழுக்காமல், இந்திராணியை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, படகேறி, அக்கரையில் இருக்கும் அபர்டீன் பஜார் மணிக்கூண்டு வரை போக வேண்டும். போகாவிட்டால் அன்று சாயங்காலமே பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிட்டு, பாக்கி ஆயுசுக்கு நான் ஸ்பானரைத் தொடக்கூடாது. போய்விட்டால், கப்பல் என்ற சொல்லைக் கேட்டாலே எலுமிச்சம்பழத்தைத் தேடும் தாங்கள், சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில், அடித்தட்டுப் பங்க் கிளாசில், தீவுக்கு வர வேண்டும். இத்தனையையும் சௌமியா போனில் வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். நான் அதைத் தினம் ஒருமுறை பார்ப்பேன், பக்தியாக.

வண்டியின் அன்றைய நிலைமையை நான் மறைக்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் உப்புக்காற்றில் நின்ற வண்டி. கதவைத் திறந்தால் கதவு கையோடு வரும். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கீழே பார்த்தால் ரோடு தெரியும், ரோட்டில் போகும் எறும்பு தெரியும். கையில் இருப்பதோ பென்ஷன். மெக்கானிக்குக் கொடுக்கிற காசில் ஒரு வண்டியே வாங்கலாம் என்பதால் நானே இறங்கினேன். ஸ்டோரில் போல்ட்டை எண்ணித்தான் பழக்கமே தவிர மாட்டிப் பழக்கமில்லை. ஆனாலும் எண்ணத் தெரிந்தவனுக்கு மாட்டத் தெரியாதா? தெரியாது என்பது இரண்டு மாசம் கழித்துத் தெரிந்தது, அதற்குள் மாட்டவும் பழகிவிட்டேன். பழைய சமையல்கட்டுக் கூரைத் தகரம் தரையானது. ரிட்டயர் ஆனபோது ஆபீசில் கொடுத்த சுழல் நாற்காலியின் மெத்தை முன்சீட்டானது. மீன்பிடி டிங்கிக்குப் பூசி மிஞ்சிய பெயிண்ட் இரண்டு பேரிடம் இரண்டு டப்பா கிடைத்ததால், வண்டி இடது பக்கம் நீலம், வலது பக்கம் பச்சை. எதிரில் வந்தவர் ஒரு வண்டியைப் பார்த்தார், திரும்பிப் பார்த்தால் வேறு வண்டி போய்க்கொண்டிருந்தது.

பின்னால் சரக்கு ஏற்றும் பகுதிக்குப் பலகை வேண்டியிருந்தது. இங்கே படாக் மரம் வாங்குவதென்றால் வீட்டை விற்க வேண்டும். அந்த நேரம் பார்த்து என் கண் தாங்கள் கல்யாணச் சீராகக் கொடுத்த தேக்குக் கட்டில் மேல் விழுந்துவிட்டது. கோபப்படாமல் படியுங்கள். எப்பேர்ப்பட்ட தேக்கு! முப்பது வருஷத்தில் ஒரு கரையான் கிட்டே வரவில்லை. தலைமாட்டில் இருந்த மயில் செதுக்கல் இப்போது வண்டியின் பின்கதவு. இந்திராணி கோயிலுக்குப் போயிருந்த ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டேன். வந்து பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஐம்பது நாளும் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சேவலைப் பார்த்து, "சோறு ஆறுதுன்னு அவருகிட்ட சொல்லு" என்பாள். நானும் சேவலிடமே பதில் சொல்லிவிட்டுச் சாப்பிட்டு வந்தேன். இருவரும் பாயில்தான் படுக்கை. அந்த வண்டியில் ஏறினால் தன் பெயர் இந்திராணி இல்லை என்றும் சேவல் மூலம் தெரிவித்திருந்தாள்.

கியர் பாக்ஸ் மட்டும் கடைசிவரை தகராறு. திக்லிபூரில் பாக்குத் தோட்டம் வைத்திருக்கும் தம்பையாவிடம் இதே மாடல் வண்டி ஒன்று செத்துக் கிடந்தது. போனேன், கழற்றினேன், சாக்கில் கட்டிப் பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர், இது என்ன சாமான் என்று ஹிந்தியில் கேட்க, பாக்கு என்றேன். அவர் தூக்கிப் பார்த்துவிட்டு, எந்த ஊர்ப் பாக்கு என்று கேட்டார். பன்னிரண்டு மணி நேரம், மச்சான், காலை மடக்கி அதன் மேலேயே உட்கார்ந்து வந்தேன். ஏற்றிவிடும்போது தம்பையா, "முன்னால நல்லாப் போகும்ணே, பின்னால போறதுக்கு மட்டும் கொஞ்சம் சங்கடப்படும்" என்று சொன்னார். மனுஷனுக்கே அது சங்கடம்தானே என்று நினைத்து விட்டுவிட்டேன். டிசம்பரில் வண்டிகளைச் சோதிக்க எங்கள் கரைக்கு வந்த ஆய்வாளர் முன்னால் ரிவர்ஸ் அழகாக விழுந்தது, சர்டிபிகேட்டும் கிடைத்தது. வீட்டுக்கு வந்து மறுபடி ஒருமுறை போட்டேன். நேராகப் போய் இந்திராணியின் கோழிக்கூண்டில் நின்றது. அன்றோடு சரி, ரிவர்ஸ் செத்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. முன்னேறுகிறவனுக்கு ரிவர்ஸ் எதற்கு?

இன்று காலை ஆறு மணி. வண்டியைத் துடைத்துச் சந்தனம் வைத்துவிட்டு, இந்திராணி இல்லாமல் பந்தயத்தை எப்படி ஜெயிப்பது என்று கலங்கிப்போய் நிற்கிறேன். பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, புளிச்சோற்றுத் தூக்கோடு வெளியே வருகிறாள் இந்திராணி! எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகுதான் காரணம் தெரிந்தது. தாங்கள் பரமக்குடியிலிருந்தே எங்கள் ஊர் இரும்புக்காரருக்குப் போன் போட்டு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறீர்கள். அவர் அவளிடம் வழி கேட்டிருக்கிறார். முன்கதவைத் திறந்து, கையோடு வந்த கதவை என்னிடம் கொடுத்துவிட்டு, ஏறி உட்கார்ந்தாள். ஐம்பது நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்துப் பேசினாள்.

"எடுங்க வண்டிய. அதுல இருக்கறது என் கட்டிலு. அண்ணன் யாரு அத இரும்புக்காரனுக்குக் குடுக்க?"

எடுத்தேன் மச்சான். முதல் இழுப்பிலேயே பிடித்தது. பாம்பூஃப்ளாட் ஜெட்டிக்கு ஜம்மென்று போனேன். அங்கேதான் ஒரு சின்ன நிர்வாகக் கோளாறு. இத்தனை வருஷம் தினமும் எதிரே இருக்கும் சாத்தம் கரைக்குப் படகில் போய் வந்தவன் நான். ஆனால் கால்நடையாக. ஓடிப்போய் மேல்தளத்தில் காற்று வருகிற சீட்டைப் பிடிப்பதுதான் என் கவலை. கீழே வண்டிகள் எப்படி ஏறுகின்றன, எப்படி இறங்குகின்றன என்று ஒரு நாளாவது குனிந்து பார்த்ததில்லை. அந்தப் படகுக்கு ஒரே பக்கம்தான் வாசல். அதனால் எல்லா வண்டியும் பின்பக்கமாக ஏறி நின்றால்தான் அக்கரையில் நேராக இறங்கலாம். படகில் வேலை பார்க்கும் பையன் பிரவீன்குமார், "அங்கிள்ஜி, பேக் கர்கே! பேக் கர்கே!" என்று தொண்டை கிழியக் கத்தினான். இல்லாத ரிவர்ஸை எங்கே போய்ப் போடுவது? கேட்காதவன் மாதிரி நேரே ஏற்றி, கடைசிச் சுவர் வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். என்னைச் சுற்றி எட்டு வண்டி. எல்லாம் ஒரு பக்கம் பார்க்க, நான் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டு.

சாத்தமில் எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. தண்ணீர் வற்றியிருந்ததால் படகு தாழ்ந்து, இறங்குபலகை வீட்டுக் கூரை மாதிரி செங்குத்தாக நின்றது. பன்னிரண்டு பேர் முன்னால் நின்று தள்ளியும் பாதி ஏறிவிட்டுத் திரும்பி வந்துவிட்டது. படகு காத்திருக்குமா? கிளம்பிவிட்டது. பாம்பூஃப்ளாட் திரும்பினோம். அங்கும் அதே கதை. மறுபடி சாத்தம். மறுபடி பாம்பூஃப்ளாட். ஒன்பதரை மணி கூட்டத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லாம் மேலிருந்து எட்டிப் பார்த்துக் கையசைத்தார்கள். நானும், வேண்டுமென்றே வந்தவன் மாதிரி அசைத்தேன். உள்ளுக்குள் ஆடிப்போயிருந்தேன் என்பதைத் தங்களிடம் சொல்வதற்கென்ன? மணி ஓடுகிறது, இரும்புக்காரர் அஞ்சு மணிக்கு வருவார், அஞ்சு மாச உழைப்பு கண்ணெதிரே கரைகிறது. இறங்கி ஆட்டோவில் வீட்டுக்குப் போய்விடு என்று இந்திராணியிடம் சொன்னேன். அவள் தூக்கைத் திறந்து பிரவீன்குமாருக்கும் மற்ற ஊழியர்களுக்கும் புளிச்சோறு போட்டுக்கொண்டே, "தண்ணி ஏறட்டும். பலகை சமமா வந்துரும். அப்பத் தள்ளிக்கலாம்" என்றாள். முப்பது வருஷம் ஜெட்டியில் மீன் வாங்குகிறவள், மச்சான். கடலின் டைம்டேபிள் அவள் விரல் நுனியில். எனக்குப் படகின் டைம்டேபிள் மட்டும்தான் தெரியும்.

அப்படியே நடந்தது. ஏழாவது நடையில், பதினொன்றே முக்கால் மணிக்கு, சாத்தமில் பலகை தாம்பாளம் மாதிரி மட்டமாக இருந்தது. புளிச்சோறு சாப்பிட்டவர்கள் அத்தனை பேரும், அவர்களோடு மேல்தளத்தில் இருந்த பெங்காலிக் காய்கறிக்காரர்கள், காலேஜ் பிள்ளைகள், ஒரு மலையாளப் பாதிரியார் எல்லோரும் கை வைத்தார்கள். ஜோர் லகாகே என்று ஒருவர் சொல்ல, ஐலசா என்று நான் சொல்ல, வண்டி பின்பக்கமாகவே, மயில் முதலில், ராஜநடையாகக் கரையில் இறங்கியது. சாவியைத் திருப்பினேன். பிடித்தது. பாலம் தாண்டி, மேடேறி, மூச்சு வாங்கி, புகை விட்டு, பன்னிரண்டு இருபத்தைந்துக்கு அபர்டீன் பஜார் மணிக்கூண்டின் கீழ் நின்றேன் மச்சான், நின்றேன்! முன்சீட்டில் தங்கள் தங்கை. சாட்சிக்குப் போட்டோ எடுக்கச் சொன்ன ஆட்டோக்காரர் இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டு, இரண்டு வண்டியும் உங்களுடையதா என்று கேட்டார். ஆட்கள் தள்ளியது செல்லாது என்று தாங்கள் கிளப்பக்கூடும். வேறு வண்டி இழுக்கக்கூடாது என்பதுதான் பேச்சு. பாதிரியார் வண்டி அல்ல.

புதுப் பானை வாங்கினோம். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த கரும்பு ஒரு கட்டு வாங்கி, தங்கள் தேக்கில் சாய்த்து வைத்தோம். இந்திராணி மயிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குள்ள கிடந்தத விட இங்க நல்லாத்தான் இருக்கு" என்றாள். இதைவிடப் பெரிய சர்டிபிகேட் எனக்கு வேண்டாம்.

ஆகவே மச்சான், தை பிறந்ததும் தாங்கள் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட வேண்டியது. எலுமிச்சம்பழம் தாராளமாகக் கொண்டு வரவும். துறைமுக வாசலில் மாலையோடு வண்டியில் காத்திருப்பேன். தங்கச்சி சுதாவுக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி, தங்கள் ஒர்க் ஷாப் பையன்களுக்கு என் தொழில்முறை வாழ்த்து. பொங்கலும் பாலுமாகத் தங்கள் வீடு நிறையட்டும்.

இப்படிக்கு,
வென்ற மாப்பிள்ளை,
உதயசூரியன்

பின்குறிப்பு: காகிதத்தின் பின்பக்கத்தை இந்நேரம் படித்திருப்பீர்கள். ஆம், அது படகின் சாமான் ரசீது. கை ஆடுவதும் சந்தோஷத்தால் மட்டும் அல்ல. திரும்பும்போது சாத்தமில் பிரவீன்குமார், பின்பக்கமாகத் தள்ளி ஏற்றிவிடலாம் என்று சொல்லத்தான் செய்தான். இந்திராணியும் சொன்னாள். ஜெயித்தவனைத் தள்ளுவதா என்று நான் நேராக ஓட்டி ஏறிவிட்டேன். தண்ணீர் மறுபடி வற்றிவிட்டது. இது நாலாவது நடை. பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் தாங்கள் அனுப்பிய இரும்புக்காரர் வந்து நின்றார், அவரும் பாவம் ஒரு கை கொடுத்துத் தள்ளிப் பார்த்துவிட்டு, வெறும் இரும்பென்றால் வந்திருக்கும், தேக்குதான் கனம் என்று சொல்லிவிட்டுப் போனார். இனி பலகை மட்டமாவது நாளை நண்பகலுக்கு மேல்தான். வீடு நடக்கிற தூரம்தான், ஆனால் கட்டில் இறங்காமல் தானும் வீட்டுக்கு வருவதில்லை என்கிறாள் இந்திராணி. பொங்கலுக்கு ஜெட்டியில் பிரவீன்குமார் மூன்று செங்கல் போட்டுவிட்டான். இந்தக் கடிதத்தைப் படகில் வந்த சௌமியாவிடம் கொடுத்தனுப்புகிறேன், காலை விமானத்தில் தங்கள் பக்கம் வருகிறாள். பந்தயத்தை நான் மனமுவந்து ரத்து செய்கிறேன். தாங்கள் கப்பலில் வரவே கூடாது, மூன்று நாள் தாங்காது. விமானத்திலேயே வாருங்கள். ரிவர்ஸ் பல்சக்கரம் ஒன்று கையோடு கொண்டு வாருங்கள். முகவரி: சாத்தம் – பாம்பூஃப்ளாட் படகு, கீழ்த்தளம், கடைசிச் சுவர் ஓரம்.