ரப்பர் பாலில் ஒட்டிய புத்தகம்

கையால் செய்த பரிசில் பெரிய சௌகரியம் ஒன்று உண்டு. வாங்குகிறவர் முகத்துக்கு நேரே அதைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தைரியத்தில்தான், நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போகவிருந்த என் அக்காவுக்கு ஒரு நினைவுப் புத்தகம் செய்யக் கிளம்பினேன்.

நான் டயரி எழுதுகிறவன். பஸ் டிக்கெட், மிட்டாய்த்தாள், காய்ந்த இலை என்று கிடைத்ததை எல்லாம் ஒட்டி, பக்கத்தில் நாலு வரி எழுதி வைப்பேன். (எங்கள் ஊர் ஆரியங்கோட்டில் மீசை வைத்த ஆண்பிள்ளைக்கு இது பெருமை சேர்க்கிற பழக்கமல்ல.) அக்காவுடன் தினமும் சண்டை போட்டதாகத்தான் எனக்கு ஞாபகம். ஆனால் தாளை வெட்டித் தைத்து எழுத உட்கார்ந்ததும் வேறென்னென்னவோ வந்தது. ஓடை பெருகியபோது என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது, நான் உடைத்த விளக்குக்கு அவள் அடி வாங்கியது. பேனாவைப் பிடித்தபடி அழுதுவிட்டேன்.

அம்மா எட்டிப் பார்த்து, "வயிறு வலிக்குதா மக்கா?" என்றாள்.

நடுப்பக்கம் அப்பாவுக்கு. அக்காவை மடியில் வைத்துக்கொண்டு அவர் சிரிக்கும் படம். அப்பா போனபிறகு எங்களிடம் மிஞ்சிய, அவர் சிரிக்கிற ஒரே படம் அதுதான். புத்தியுள்ளவன் நகல் எடுத்திருப்பான். நான் உணர்ச்சிவசப்பட்டு அசலையே எடுத்தேன்.

அக்கா புறப்படுவதற்கு முந்தின நாள் பசை தீர்ந்தது. அன்று ஹர்த்தால். நெய்யாற்றின்கரை வரைக்கும் ஒரு கடையும் கிடையாது. கண்ணில் பட்டது, வாளி நிறைய அன்று காலை வெட்டிய ரப்பர் பால். (கையில் பட்டால் லேசில் போகாது. இதைவிட நல்ல பசை உண்டா?) அப்பா படம் உட்பட மிச்சமிருந்ததற்கெல்லாம் தாராளமாகத் தடவினேன். மழைக்காலமாதலால் காயவில்லை. உடனே அடுத்த யோசனையும் வந்தது. புகை போட்டு ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில், ஷீட்டுகளுக்கு நடுவே புத்தகத்தையும் கம்பில் தொங்கவிட்டேன்.

மறுநாள் எடுத்தபோது அது கருப்பட்டி நிறத்தில் ஒரே கட்டியாக இருந்தது. வேறு வழியில்லாமல் வர்ணத்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, வழியனுப்பும் ஜெபத்தில் போய் உட்கார்ந்தேன். எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போதே பெரியம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"எட்டி, அடுக்களையில என்னவோ கருகுதாக்கும்."

அம்மா ஆமென் சொல்லாமலே ஓடினாள்.

ஜெபம் முடிந்து அக்கா தாளைப் பிரித்தாள். முதல் பக்கம் சவ்வாக இழுபட்டு, டப்பென்று விட்டது. "எலே, இது புக்கா, ஷீட்டா?" என்றாள். வீடே சிரித்தது. நடுப்பக்கம் மட்டும் திறக்கவே இல்லை.

"இதுக்குள்ள என்னலே உண்டு?"

"அப்பா" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. நான் பதறிப்போய்ப் பக்கத்தைப் பிடித்து இழுக்கப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இழுக்காதலே. அப்பா கிழிஞ்சிருவாரு."

செத்துப் போகலாம் போல இருந்தது எனக்கு. அவள் திட்டவில்லை. "உள்ள பத்திரமா இருக்கட்டு, நான் கொண்டு போறேன்" என்று, பெட்டியிலிருந்து இரண்டு சேலையை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அந்தக் கட்டியை உள்ளே வைத்தாள்.

போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள். துணியெல்லாம் புகைப்புரை மணமாம். வீட்டு நினைப்பு வந்தால் புத்தகத்தை எடுத்து மோந்து பார்ப்பாளாம். நான் எழுதியதைப் படித்தாயா என்று கேட்டேன். "திறக்குற பக்கமெல்லாம் படிச்சாச்சுலே" என்றாள். என் எழுத்துக்குக் கிடைத்த விமர்சனங்களில் எனக்கு அதுதான் போதும்.

வருஷங்கள் ஓடி அக்காவுக்கு ஒரு மகளும் பிறந்தாள். போன லீவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். புத்தகத்தின் ஒட்டிப்போன பக்கங்களுக்குள்தான் தாத்தா இருக்கிறார் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லி வளர்த்திருக்கிறாள். அது தோட்டத்தில் ஓடி விளையாடிவிட்டுப் புகைப்புரைக் கதவைத் திறந்தது. அங்கேயே நின்று கத்தியது:

"அம்மா, ஓடி வா! இங்க தாத்தாக்க மணம் உண்டு!"

அம்மாவும் அக்காவும் ஓடிப் போய் உள்ளே நின்று, புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு புகைப்புரைக்கு ஷீட் எடுக்கக் கிளம்பினால் அம்மா, "உங்க அப்பாவ பாத்துட்டு வாறேன்" என்றுதான் சொல்கிறாள். புதிதாக வந்தவர்கள் யாராவது திகைத்துப் பார்த்தால் போதும், வாசலிலேயே நின்றுவிடுவாள்.

"இவன் ஒரு புக்கு செய்தான், கேளுங்க..."