சுக்கானுக்கு ஒரு கும்பிடு

என் மனைவி ஹட்சுயோவிடம் வாழ்நாளில் ஒரே ஒரு விஷயத்தையாவது மறைத்துவிடுவது என்று சபதம் செய்தேன். மேலிடத்துக் கட்டளையும் அதுதான். நான் சோறு வடிக்கும் விமானம் தாங்கிக் கப்பல், வெள்ளிக்கிழமை காலை குரே துறைமுகத்திலிருந்து போருக்குக் கிளம்புகிறது. கப்பலோ ஊருக்கே தெரியும் மலை. அது கிளம்பும் தேதியை மட்டும் நான் மறைக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை விடுப்பில் வீட்டுக்கு வந்தேன். கப்பற்படை வழக்கப்படி நகமும் கொஞ்சம் முடியும் வெட்டி, காகிதத்தில் மடித்து அலமாரியில் ஒளித்தேன். உடல் திரும்பாவிட்டால் புதைக்க ஏதாவது வேண்டுமே.

மறுநாள் சுத்தியலை எடுத்தேன். திரும்புவேனோ மாட்டேனோ, ஒழுகும் வீட்டில் இவளை விட்டுப்போக மனமில்லை.

“என்னங்க, கூரை மேல ஏறிட்டீங்க? ஆறு வருஷமா ஒழுகுதே!”

“சும்மாதான். கை அரிச்சுது.”

“அரிப்பு அடங்கறதுக்குள்ள சமையலறைக் கதவையும் பாத்துடுங்க.”

பார்த்தேன். குளியல் தொட்டி, கிணற்று உருளை, கோழிக் கூண்டு. இரண்டு நாளில் இடுப்பு கழன்றது. ஏன் இந்தத் திடீர் அக்கறை என்று அவள் கேட்கவே இல்லை. அப்பாவி, என்று கண் கலங்கினேன்.

வெள்ளி விடியலில், “சாயங்காலம் வந்துடறேன்” என்று பொய் சொல்லிக் கிளம்பினேன்.

“சரிங்க” என்றாள்.

துறைமுக வாசலில் காவலாளி தடுத்தான். “சுக்கான் பழுதுங்க. கப்பல் பட்டறைக்குப் போயிடுச்சு. பத்து நாள் கழிச்சு வாங்க.”

கொட்டும் மழையில் வீட்டுக்கு ஓடினேன். உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை. இரண்டு கிண்ணத்தில் சூடாகப் பார்லிச் சோறு காத்திருந்தது.

“கப்பல் கிளம்பாதுன்னு உனக்குத் தெரியுமா?”

“செவ்வாய்க்கிழமையே தெரியும். பக்கத்து வீட்டு தொமி அக்கா புருஷன்தானே பட்டறையில சுக்கானைக் கழட்டுறாரு.”

“நான் போருக்குப் போறதா நெனச்சிட்டிருந்தது எப்படித் தெரிஞ்சுது?”

“நகத்தை மடிச்சு என் கிமோனோவுக்கு அடியில வெச்சா வேற யாரு பாப்பாங்க?”

“ஏண்டி சொல்லல?”

“சொல்லியிருந்தா கூரை ஏறியிருப்பீங்களா?”

கோபம் வர வேண்டும். வரவில்லை. காய்ந்த பாயில், இவளோடு, இன்னும் பத்து நாள்! புத்தருக்கு ஊதுபத்தி ஏற்றினேன். பழுதான சுக்கானுக்கும் சேர்த்துக் கும்பிட்டேன்.

“ரொம்ப உருகாதீங்க. சேதி சும்மா கிடைக்குமா? தொமி அக்கா வீட்டுக் கூரையும் ஒழுகுதாம். காலையில வருவீங்கன்னு வாக்குக் குடுத்துட்டேன்.”