பதினான்காம் நம்பர் மரம்

பதினான்காம் நம்பர் மரம் செவ்வாய்க்கிழமை காலையில் சாமியாகிவிட்டது. திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் அது வெறும் வேப்பமரம்தான்.

அருணகிரி சைக்கிளை ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். அடிமரத்தைச் சுற்றி மஞ்சள் துணி. போன வாரம் அவர் வெள்ளை வட்டம் போட்டு, கறுப்புப் பெயிண்டில் தன் கைப்பட எழுதிய நம்பர் மேல் குங்குமம் அப்பியிருந்தது.

வெண்ணந்தூர் இயற்கை அறிவுக் குழுவின் செயலாளர் அவர். மற்ற நேரத்தில் நெசவாளர் சொசைட்டியில் கிளார்க்கு. சொசைட்டியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. குழுவில் அவர் பெயர் போட்ட ரப்பர் ஸ்டாம்பே இருந்தது. குழுவில் மொத்தம் ஐந்து பேர். மூன்று பேர் கூட்டத்துக்கு வருவது வடைக்காக. இன்னொருவன் மச்சினன் சின்னராஜ். அவன் வருவது அந்த ஸ்டாம்புக்காக. வெள்ளிக்கிழமை விழா சொதப்பினால் ஸ்டாம்பு சின்னராஜ் கைக்குப் போகும் என்று போன கூட்டத்திலேயே தீர்மானம் ஆகிவிட்டது. மூன்று பேரும் வாயில் வடையோடு கை தூக்கினார்கள்.

விழாவின் பெயர் 'மரங்களை அறிவோம்'. பள்ளிப் பிள்ளைகள் மரத்தின் நம்பரைப் பார்த்து, கையிலுள்ள தாளில் அதன் பெயரைப் படித்து அறிவு பெறுவார்கள். வேப்பமரம் தெரியாத பிள்ளை வெண்ணந்தூரில் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. ராசிபுரம் ரோட்டுப் புளியமரங்களுக்குப் போன வருஷம் யாரோ நம்பர் போட்டதைப் பார்த்துத்தான் அருணகிரிக்கு இந்த யோசனையே வந்தது.

விழாவுக்குத் தலைமை, சேலத்தில் மரங்களைக் கவனிக்கிற ஓர் ஆபீசர். அவரை அசத்த வேண்டும் என்று இருபத்தொரு மரத்தையும் கயிறு பிடித்து அளந்து, சுற்றளவு, உயரம், வைரம் பாய்ந்திருக்கிறதா இல்லையா என்பதுவரை நம்பர்வாரியாகப் பட்டியல் போட்டு அனுப்பியிருந்தார். 'நேரில் வந்து பார்வையிட்டு ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்' என்று கடிதத்தை முடித்து, ஸ்டாம்பை மூன்று இடத்தில் குத்தினார். 'வெள்ளியன்று ஆட்களுடன் வருகிறேன்' என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஆட்களுடன் என்றதும் பூரித்துப்போய் மாலையும் வடையும் கூடுதலாகச் சொல்லிவைத்தார்.

இப்போது பார்த்து சாமி.

மர நிழலில் ஆடுகளை மடக்கிவிட்டு ஆராயி உட்கார்ந்திருந்தாள். கோடை முழுக்க அவளுக்கும் ஆடுகளுக்கும் அதுதான் வீடு.

"ஏம்மா, யாரு இதைக் கட்டுனது?"

"நாந்தானுங்க சாமி. ஆத்தா கனவுல வந்து கட்டச் சொன்னா."

அருணகிரி மூட நம்பிக்கையைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். ஆராயி மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள், ஆடுகளும் கேட்டன. பேசி முடித்து அவரே துணியை அவிழ்த்து எறிந்தார்.

மறுநாள் காலை அவருக்குக் கண் இரண்டும் சிவந்து ஒட்டிக்கொண்டன. ஊரில் பாதிப் பேருக்கு அந்த வாரம் கண்வலிதான். ஆனால் அவர் மனைவி சௌந்திரத்துக்குக் காரணம் தெரிந்துபோயிற்று. குடத்துத் தண்ணீரோடு ஏரிக்கரைக்குப் போய்ப் பதினாலாம் நம்பருக்குப் புதுத் துணி கட்டினாள். கோபித்துக்கொண்டு ஆத்தா பக்கத்து மரத்துக்குப் போயிருந்தால் என்ன செய்வது என்று பதின்மூன்றுக்கும் பதினைந்துக்கும் சேர்த்துக் கட்டினாள். செயலாளர் பெண்டாட்டியே கட்டிவிட்டாள் என்றதும் ஊரில் மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது.

குழு அவசரமாகக் கூடி, வடை தின்று, போர்டு வைப்பதென்று முடிவெடுத்தது. 'இவை மரங்கள். சாமிகள் அல்ல. துணி கட்டாதீர்.' அதுவரை விஷயம் தெரியாமல் ஏரிக்கரை வழியாகப் போய்க்கொண்டிருந்த ராசிபுரம் பஸ்ஸில் எல்லோரும் போர்டைப் படித்தார்கள். கண்டக்டர் விசில் ஊதி நிறுத்தினார். வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் பத்தொன்பது மரம் மஞ்சளாகிவிட்டது.

கடைசி வழியாக அருணகிரி பூசாரி கருப்பண்ணனைப் பிடித்தார். ஆத்தா பதினாலாம் நம்பரில் மட்டும்தான் இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார். கருப்பண்ணன் கரையை ஒருமுறை பார்த்தார், கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். ஆத்தா இருபது தங்கச்சிகளோடு வந்திருப்பதாக அருள்வாக்கு சொன்னார். பாக்கி இரண்டு மரத்துக்கும் துணி ஏறியது.

வெள்ளிக்கிழமை ஆபீசரின் ஜீப் வந்தது. பின்னாலேயே ஒரு லாரி. நாற்காலி கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்து அருணகிரி மாலையோடு ஓடினார். லாரியிலிருந்து ஆறு பேர் இறங்கினார்கள். கையில் நீள ரம்பமும் வடக்கயிறும்.

கரை நெடுகப் பொங்கல் பானை. கருப்பண்ணனுக்கு நல்ல நேரத்தில் சாமி வந்துவிட்டது. மரத்தைத் தொட்டவன் குடும்பம் விளங்காது என்றார். ரம்பக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு லாரியில் ஏறிவிட்டார்கள். ஆபீசர் செருப்பைக் கழற்றிவிட்டு, அருணகிரியின் பட்டியலை அருணகிரியின் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"நம்பர் போட்டு, சுத்தளவு, வைரம் எல்லாம் அளந்து, ஆவன செய்யுங்கன்னு எழுதினா என்னய்யா அர்த்தம்? வெட்டி ஏலம் போடத்தானே கேட்டே? சாமி மரம்னு ஒரு வரி எழுத மாட்டே?"

ஜீப்பும் லாரியும் வந்த வழியே திரும்பின. சின்னராஜ் கையை நீட்டினான். அருணகிரி சட்டைப் பையிலிருந்து ஸ்டாம்பை எடுத்து அதில் வைத்தார். தன் கையாலேயே ஊர் மரத்தையெல்லாம் வெட்டக் கொடுக்க இருந்தோமே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

கூட்டம் பொங்கலுக்குப் போனபிறகு, பதினாலாம் நம்பர் அடியில் போய் உட்கார்ந்தார். ஆராயி ஆடுகளை நிழலுக்கு ஓட்டிவந்து, தளர்ந்திருந்த துணியை இறுக்கிக் கட்டினாள். அவர் மரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். ஆராயியிடம் திரும்பி, தெரியாமல் அவிழ்த்துவிட்டேன், கனவில் வந்தால் ஆத்தாளிடம் நீயாவது மன்னிப்புக் கேட்டுச் சொல்லம்மா என்றார்.

"கனவெல்லாம் வரலீங்க சாமி. ராசிபுரம் ரோட்டுல நெம்பர் போட்ட புளியமரம் ஒண்ணுகூட இப்ப இல்லீங்களே, அதான் ஆத்தாளை நானே கூட்டியாந்துட்டனுங்க."