மூன்று சுற்றுச் சரிகை

"அசல்தாங்க. முந்நூறு வருசத்துக்குக் குறையாது" என்று அமீனுல்லா பாய் சொல்லி வாயை மூடுவதற்குள் நமச்சிவாயம் அவர் கையிலிருந்த வாளைப் பிடுங்கிக்கொண்டார்.

"காப்பி குடிச்சாச்சா?"

"ஆச்சு."

"அப்ப கிளம்புங்க."

ஆற்காட்டில் நாற்பது வருசமாகப் பழைய வாளும் கேடயமும் வாங்கி விற்கிற மனிதர் பாய். பஸ் ஏறி வந்து, ஒரு மணி நேரம் புரட்டிப் புரட்டிப் பார்த்து, நல்ல வார்த்தை சொன்னவருக்கு இந்த மரியாதை. வாசலில் செருப்பை மாட்டும்போதும் அவருக்கு விளங்கவில்லை.

"இன்னாங்க இது? போலின்னு சொன்னா எல்லாருக்கும் கோவம் வரும். உங்களுக்கு அசல்னு சொன்னா வருது?"

"போலியை அசல்னு சொல்றவருக்கு வேற இன்னா பண்றது, மாலை போடறதா?"

பாய் தலையில் அடித்துக்கொண்டே போனார்.

நமச்சிவாயத்துக்கு எழுபத்திரண்டு வயது. மூன்றாம் வகுப்போடு தறிக்குழியில் இறங்கியவர். காலையில் எழுந்ததும் யார்மேலாவது கோபப்படவில்லை என்றால் அவருக்குப் பல் விளக்கிய மாதிரியே இருக்காது. முப்பது வருசமாகக் காயலான் கடைகளில் ஏறி இறங்கி, கட்டாரி, பிச்சுவா, ஈட்டி முனை என்று முப்பத்தோரு உருப்படி சேர்த்துத் தறிக்கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தார். எது எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க அவருக்குப் புத்தகம் வேண்டாம், நாக்கு போதும். இரும்பை ஒரு நக்கு நக்குவார். "நவாபு காலம்" என்பார், அல்லது "சீமை இரும்பு" என்பார். மறுத்துப் பேச வேண்டுமானால் எதிராளியும் நக்க வேண்டும் என்பதால் யாரும் மறுத்ததில்லை.

முப்பத்திரண்டாவது உருப்படி மட்டும் விலைக்கு வாங்கியதல்ல. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வீட்டில் இருக்கும் வாள். சஷ்டியன்று சூரசம்ஹாரத்துக்கு வீரபாகு வேஷம் கட்டி, அந்த வாளோடு முருகனுக்கு முன்னால் நடப்பது அந்தத் தெருவின் வழக்கம். வாள் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டு ஆள்தான் வீரபாகு. நாற்பத்தைந்து வருசமாக நமச்சிவாயம்தான்.

அதற்குத்தான் ஆனி மாதக் கல்யாணப் பந்தி ஒன்றில் வேட்டு விழுந்தது. ரசத்துக்குக் காத்திருந்த நேரத்தில் சித்தப்பா மகன் குமரகுரு சும்மா இருக்காமல், "அண்ணன் தூக்கிக்கினு நடக்கறது பட்டறைக் கத்திப்பா. அசல் எப்பவோ போயிடுச்சு" என்றான். பந்தியே சிரித்தது. நமச்சிவாயம் இலையை மூடாமலே எழுந்துவிட்டார்.

தெருப் பெரியவர் துரைக்கண்ணு சமாதானம் பேச வந்து, காரியத்தைக் கெடுத்துவிட்டுப் போனார். "விவரம் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் கைப்பட எழுதி வாங்கினு வந்துடு நமச்சிவாயம். சஷ்டிக்குள்ள வரலைன்னா இந்த வருசம் குமரகுரு நடக்கட்டும்."

விவரம் தெரிந்த ஆளாம். அந்த ஆளுக்கு விவரம் தெரியும் என்று யார் எழுதிக் கொடுப்பது? வீட்டுக்காரன் முகத்தைப் பார்த்துக் காலம் சொல்கிறவன்தான் ஊரில் பாதிப் பேர். மீதிப் பேர் வாளை வாங்கிப் பார்த்துவிட்டு வேறு வாளைத் திருப்பிக் கொடுக்கிறவன். நமச்சிவாயம் ஒரு வாரம் யோசித்தார். பிறகு வாளை வேட்டியில் சுற்றிக்கொண்டு செவிலிமேட்டுக்குப் போனார். அங்கே பட்டறை வைத்திருக்கும் தணிகாசலத்திடம், லாரி ஸ்பிரிங் பட்டையில் அதே மாதிரி இன்னொன்று அடிக்கச் சொன்னார். அடித்து முடிக்கிறவரை அசலை மடியிலிருந்து இறக்கவில்லை.

தணிகாசலம் கைகாரன். அடித்ததை உப்பு, புளி, மாட்டு மூத்திரம் எல்லாம் கலந்த பானையில் ஒரு மாதம் ஊறப்போட்டு எடுத்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். நமச்சிவாயம் போலி வாளின் கைப்பிடிக்குக் கீழே மூன்று சுற்றுச் சரிகை கட்டி முடிச்சுப் போட்டார். அசலைப் பெட்டியில் வைத்தார், போலியைத் தறிக்குழியில் வைத்தார். வருகிறவனிடம் முதலில் சரிகை வாளைக் காட்டுவது. அசல் என்றால் விரட்டுவது. போலி என்று சொல்கிறவன் எவனோ, அவன் கண்ணில்தான் பூட்டன் வாளைக் காட்டுவது. இந்த ஏற்பாட்டை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பத்தெட்டு வருசம் கூடக் குடித்தனம் நடத்திய அம்சவேணியிடமும் சொல்லவில்லை. சொன்னால் வெளியே போகும் என்பது அவர் கணக்கு.

ஆயுத பூசைக்கு அம்சவேணி தறியின் நாடா, அச்சுப்பலகை முதல் முப்பத்து மூன்று ஆயுதம்வரை எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து, பொட்டு வைத்து, சாமி முன்னால் அடுக்கினாள். மறுநாள் நமச்சிவாயம்தான் எல்லாவற்றையும் திருப்பி வைத்தார். சரிகை வாள் தறிக்குழிக்கு, மற்றது பெட்டிக்கு. பிறகுதான் ஆட்களை வரவழைக்க ஆரம்பித்தார். பாய் முதல் போணி.

இரண்டாவதாக வந்தவள் நதியா. காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவள். பூதக்கண்ணாடி, காந்தம், டார்ச் லைட் என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்து, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து சரிகை வாளைப் பார்த்தாள்.

"ஐயா, இரும்பை மடிச்சு மடிச்சு அடிச்சிருக்காங்க. வரி ஓடுது பாருங்க. பிடியில தேய்மானம் இருக்கு, எத்தனையோ தலைமுறைக் கை பட்டது. ரொம்ப நல்ல அசல்."

"இன்னொரு தரம் சொல்லும்மா."

"அசல்."

"பட்டறையில அடிச்சதும்மா இது! லாரிப் பட்டை! நான் பக்கத்துல நின்னு அடிச்சது!"

நதியா வாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நீங்க வேற ஏதோ வாளைச் சொல்றீங்க ஐயா."

"காலேஜுல சம்பளம் குடுக்கறாங்களா உனக்கு?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வயசான மனிதர், ஏதோ குழம்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். 'கைப்பிடிக்குக் கீழே மூன்று சுற்றுச் சரிகை கட்டிய வாள் பழமையானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். அவர் வாங்கவில்லை. போகிற வழியில் அதைத் துரைக்கண்ணு வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாள்.

நமச்சிவாயத்துக்கு ஆத்திரம் அடங்கவில்லை. சரிகை வாளை எடுத்து அடியிலிருந்து நுனிவரை நக்கினார். "டீசல் நாத்தம் நாக்குல ஏறுது. இதைப் போய் அசலுங்கறா!" பெட்டி வாளை எடுத்து நக்கினார். கண் மூடிக்கொண்டது. "இது இரும்பு."

சஷ்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது கமல் வந்தான். பழைய பொருள்களைப் பற்றி யூடியூபில் பேசுகிறவன். வருவதற்கு முன்பே தெருமுனை டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து விசாரித்திருந்தான். அசல் என்றால் அடி விழும் என்று டீ மாஸ்டரே சொல்லியிருந்தார். அதனால் சரிகை வாளைக் கையில் வாங்குவதற்கு முன்பே, "சுத்த டூப்ளிகேட் தாத்தா!" என்றான்.

நமச்சிவாயத்துக்குக் கண் கலங்கியது. "நீதாம்பா படிச்சவன்." பெட்டியைத் திறந்து மற்றதை எடுத்துக் கொடுத்தார்.

கமல் அவர் முகத்தைப் பார்த்தான். "ஆயிரம் வருசம் தாத்தா. சோழர் படையில போனது." கேட்ட இடத்தில் கையெழுத்தும் போட்டான். அவனுக்குப் பட்டு அங்கவஸ்திரம் போர்த்தி, பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போய் வழியனுப்பினார் நமச்சிவாயம்.

சஷ்டியன்று காலை கோயில் வாசலில் தெருவே கூடியிருந்தது. அவர் கமல் சீட்டை நீட்ட, துரைக்கண்ணு தன் மடியிலிருந்து நதியா சீட்டை எடுத்தார்.

"இன்னாப்பா இது? இந்தச் சீட்டு சரிகை கட்டினது அசலுங்குது. உன் சீட்டு மொட்டைக் கத்திதான் அசலுங்குது. உங்க வீட்ல எத்தினி கத்திப்பா இருக்குது?"

குமரகுரு விடுவானா? "பார்த்தியா! ஜதை கத்தி வெச்சிக்கினு இத்தினி வருசம் ஊரை ஏமாத்தியிருக்கறாரு."

"டேய்! ஒண்ணு நான் சோதனைக்குப் பண்ணிவெச்ச போலிடா!"

"போலி எதுக்குண்ணே பண்ணீங்க? யாருக்குக் குடுக்க?"

கூட்டம் முணுமுணுத்தது. நமச்சிவாயம் வீட்டுக்கு ஓடி இரண்டு வாளையும் கொண்டுவந்து தரையில் போட்டார். குமரகுரு சரிகை வாளைத் தொட்டுப் பார்த்தான். "காலேஜு மேடம் பொய் சொல்லுமா? அவருக்கு வேணான்னா எனக்குக் குடுக்கச் சொல்லுங்க. நான் தூக்கிக்கினு நடக்கறேன்."

நமச்சிவாயத்துக்குள் ஏதோ மளுக்கென்றது. லாரிப் பட்டையைத் தூக்கிக்கொண்டு முருகனுக்கு முன்னால் குமரகுரு நடக்கிற காட்சி கண்முன் வந்தது. நடக்கட்டும். சூரன் தலை விழுந்ததும் மைக்கைப் பிடித்து, தணிகாசலத்தையும் மேடையேற்றி, ஊருக்கே சொல்லிவிடலாம்.

"எடுத்துக்கடா! உனக்கும் உன் பிள்ளைங்களுக்கும் இதான் லாயக்கு. எழுதியே தர்றேன்." துரைக்கண்ணு எழுத, 'சரிகை கட்டிய வாள் இன்றுமுதல் குமரகுரு வம்சத்துக்கு, நானோ என் வாரிசோ திருப்பிக் கேட்பதில்லை' என்பதற்குக் கீழே ஊர் பார்க்கக் கையெழுத்துப் போட்டார். அவர் எழுத்துக் கூட்டிப் போட்ட கையெழுத்துகளிலேயே அதுதான் அழகானது.

குமரகுரு நடந்தால் நடக்கட்டும், பெட்டி வாளோடு தானும் நடப்பது என்று அவர் கிளம்ப, சாயங்காலம் அம்சவேணி அவருக்கு வீரபாகு கச்சம் கட்டிவிட்டாள். நாலு மாதத்தில் முதல் தடவையாக அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, சரிகைக் கத்தியைக் குமரகுருவுக்கா எழுதிக் குடுத்துட்டீங்க?"

"குடுத்தா இன்னா? அது தணிகாசலம் அடிச்சதுடி. அடையாளத்துக்கு நான்தான் சரிகை கட்டிவெச்சேன். உனக்குக்கூடச் சொல்லலை, பார்த்தியா!"

கச்சத்தை இழுத்துக்கொண்டிருந்த அம்சவேணியின் கை நின்றது.

"அடையாளமா? வருசா வருசம் நான் துடைக்கிற பூட்டன் கத்தி மொட்டையா கிடக்குது, பட்டறைக் கத்திக்குச் சரிகையான்னு மனசு கேக்காம, ஆயுத பூசை அன்னைக்கு நான்தாங்க அவுத்து மாத்திக் கட்டினேன்."