ஏழாவது நிமிடத்தில் தட்டிய கதவு

மண்ணூர்,
செவ்வாய்க்கிழமை

அன்பும், அன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயமும் வைத்திருக்கிற அக்கா லூர்து மேரிக்கு, தம்பி பெரியநாயகம் எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் என் வீட்டுக்காரியும் என் மகளும் உன் மருமகளுமான ஜெனிஸும் சுகம். குன்றத்தூரில் நீயும் சுகமாக இருப்பாய், அத்தானுக்கு முட்டி வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்கும்போது இவன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நீ பேச ஆரம்பித்தால் நான் 'சரிக்கா' என்று சொல்லிவிடுவேன். ஐம்பத்திரண்டு வயதாகியும் அது மட்டும் மாறவில்லை. பத்தாவதில் கணக்கில் போனவன் எழுத்து, பொறுமையாகப் படி.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் உன் காதுக்கு வரும். போன வெள்ளிக்கிழமை எங்கள் தெருக் கோயில் குடும்பங்கள் கூடுகிற அன்பியத்தின் ஜெபமாலை நம் வீட்டில். வீட்டுக்காரன் பாதி ஜெபத்தைச் சொல்ல, வந்தவர்கள் மீதிப் பாதியைச் சொல்வதுதானே முறை. நான் என் பாதியை முடித்ததும் அவர்கள் 'ஆமென்' சொல்கிற வரை காத்திருக்காமல் அடுத்த மணியை ஆரம்பித்துவிட்டேன். அவர்கள் பின்னால் ஓடிவந்தார்கள். நான் இன்னும் வேகமாகப் போனேன். மூன்றாம் பத்து மணியில், கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிற ஜெர்சி டீச்சர் கையைத் தூக்கி, "அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. மாதாவுக்கே மூச்சு வாங்குது" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் நான் இன்னொரு மணியைத் தள்ளிவிட்டேன். அரை மணி நேர ஜெபமாலை பன்னிரண்டே நிமிடத்தில் முடிந்தது. சமையல்கட்டிலிருந்து என் வீட்டுக்காரி கரண்டியோடு ஓடிவந்தாள். "இன்னாய்யா, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா? கடலை இன்னும் ஒரு விசில்கூட வரல! இவங்களுக்கு இன்னாத்தக் குடுக்குறது?" வந்தவர்கள் எழுந்து போகவும் முடியாமல், உட்கார்ந்து பேசவும் பேச்சில்லாமல் குக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்மேல் தப்பு இருந்தாலும் முழுத் தப்பும் என்னுடையது இல்லை. கார் கம்பெனியில் எங்கள் லைனில் ஒரு கதவுக்கு ரப்பர் போட ஐம்பத்தெட்டு விநாடி. ஐம்பத்தொன்பது ஆனால் தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும், சூப்பர்வைசர் வந்து பக்கத்தில் நிற்பார். திட்டக்கூட மாட்டார், சும்மா நிற்பார். பதினேழு வருடம் அப்படிப் பக்கத்தில் நின்றவர்களால்தான் நான் இப்படி ஆனேன். குளிப்பது, சாப்பிடுவது, பாவசங்கீர்த்தனம் எல்லாமே இப்போது ஒரு கதவுக்கான நேரம்தான். என் வீட்டுக்காரி சோறு போட்டுவிட்டுக் குழம்பு எடுக்கத் திரும்பினால் தட்டு காலியாக இருக்கும். "உனக்கு ருசியா சமைக்கிறதே தண்டம்" என்பாள். இப்படி மிச்சம் பிடித்த நேரத்தையெல்லாம் என்ன செய்தேன் என்று எழுதுவதற்கு முன்னால் யோசித்துப் பார்த்தேன் அக்கா. கட்டிலில் படுத்துப் போனைப் பார்த்திருக்கிறேன். வேறு ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ பார்த்த வரன், வடக்குப்பட்டுப் பையன் ஜெபர்சன், பெண் பார்க்க வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார். பஜ்ஜி சாப்பிட்டதும் நீதான், "ரெண்டு பேரும் உள்ள ஒரு பத்து நிமிஷம் பேசட்டும்டா" என்றாய். எனக்கு அன்றைக்கு ஓ.டி. இருந்தது. கம்பெனி பஸ் கூட்ரோடுக்கு வந்துவிடுமே என்று ஏழாவது நிமிடத்திலேயே அறைக் கதவைத் தட்டிவிட்டேன். நான் தட்டிய தட்டில் அந்தப் பிள்ளை பதறிப்போய் வெளியே வந்து, வாசலில் தன் செருப்பை விட்டுவிட்டு என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு நான் அவனுடைய பத்தாம் நம்பர் செருப்பில் பட் பட்டென்று அடித்துக்கொண்டு ஓ.டி.க்குப் போனேன். செக்யூரிட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா பெரியவரே, கால் சுருங்கிடுச்சா?" என்றான்.

மறுநாள் டீ பிரேக்கில் நீ போன் செய்தாய். "அவங்களுக்குப் புடிச்சிருக்காம்டா, நிச்சயத்த வச்சுக்கலாமா?" என் கையில் டீ, கண் கடிகாரத்தில். 'சரிக்கா' என்றேன். வருகிற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு நிச்சயம் என்றாய். அதற்கும் 'சரிக்கா'. டீ ஆறுவதற்குள் என் மகள் கல்யாணம் முடிவாகிவிட்டது. அதோடு விட்டேனா? அன்று மாலையே பங்குச் சாமியாரிடம் போய், "சாமி, லீவு கெடைக்கிறது கஷ்டம், மூணு வாரக் கல்யாண ஓலையையும் ஒரே ஞாயித்துக்கெழமைப் பூசைல வாசிச்சிட முடியுமா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மூணு வாரம் எதுக்கு வாசிக்கிறோம்னு தெரியுமா?" "ஊர்ல யாருக்காவது தடை இருந்தா வந்து சொல்றதுக்கு, சாமி." "சொல்லணும்னு நெனைக்கிறவங்களுக்கு மொத வாரம் காதுல விழும். ரெண்டாம் வாரம் தைரியம் வரும். மூணாம் வாரம்தான் வாய் வரும். போயிட்டு வாங்க." ஊரில் நமக்கு எதிரி யார் இருக்கிறார்கள், இவர் ஏன் இழுத்தடிக்கிறார் என்று முனகிக்கொண்டே வந்தேன்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். குக்கர் விசிலுக்காகக் காத்திருந்தோம் இல்லையா. பாயில் எனக்குப் பக்கத்தில் ஜெனிஸ். அவளுக்குப் போன் கம்பெனியில் ஷிப்ட், எனக்குக் கார் கம்பெனியில் ஷிப்ட். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நான் ஏறுவேன். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்பா." இவ்வளவுதான் எங்கள் பேச்சு. அன்றைக்கு வேறு வழியில்லாமல் இருபது நிமிடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒன்றுமே செய்யாமல் இருந்ததில் எனக்குக் கை அரித்தது. முதல் விசில் வந்தபோதுதான் அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"யப்பா, நிச்சயம் பண்றதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

"இன்னாம்மா, பையனப் புடிக்கலியா?"

"புடிக்கலன்னு நான் சொன்னேனா? அவரு என்கிட்ட, 'உங்களுக்கு இன்னா புடிக்கும்'னு கேட்டாருப்பா. இதுவரைக்கும் என்னைய யாரும் அப்படிக் கேட்டதில்ல. மொதல்ல சிரிச்சிட்டேன், அப்புறம் கொஞ்சம் யோசிச்சுக்கினு இருந்தேன். நீ கதவத் தட்டிட்ட."

"போன் பண்ணிச் சொல்லேன்."

"நம்பர் கேட்டா சம்மதம்னு ஆயிடும்பா. அப்புறம் பதிலு எதுக்கு?"

இரண்டாவது விசில் வந்தது. நான் காத்திருந்தேன் அக்கா, என் வாழ்க்கையில் முதல் தடவையாக. மூன்றாவது விசிலுக்குப் பிறகு, "அவரு கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு, அவரு இன்னா சொல்றாருன்னு பாத்துட்டு, அப்புறம் சரியா இல்லையான்னு சொல்றேம்பா. அதுக்குள்ள ஓலை எழுதிடாத" என்றாள். சாமியார் சொன்ன தடை எங்கள் வீட்டுப் பாயிலேயே உட்கார்ந்திருக்கிறது, நான் ஊரெல்லாம் எதிரியைத் தேடியிருக்கிறேன். சுண்டல் வந்தது. அன்றைக்கு ஒவ்வொரு கடலையாகத் தின்றேன். உப்பே போடவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒருவேளை எப்போதுமே போடுவதில்லையோ என்னவோ, நான் எங்கே கண்டேன்.

அதனால் அக்கா, நீ எனக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும். நிச்சயத்தைத் தள்ளிப்போடச் சொல். அவர்கள் கோபித்தால் பழியை என்மேல் போடு, பெண்ணின் மேல் வேண்டாம். 'என் தம்பி அவசரக்காரன், அவசரத்தில் சரி என்றுவிட்டான்' என்று சொல், ஊரே நம்பும். பையனுடைய செருப்பு இங்கேதான் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ள வருகிற ஞாயிறு அவனை வரச் சொல். அப்படியே என் செருப்பையும் கொண்டு வரட்டும், கடித்திருந்தால் மன்னிக்கட்டும். என் வீட்டுக்காரி வீட்டில் இருப்பாள். நான் காலையிலேயே கிளம்பி உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அவர்கள் பேசும்போது என் கைக்கு எட்டும் தூரத்தில் கதவு எதுவும் இருக்கக் கூடாது. பேசி முடித்து ஜெனிஸ் என்ன சொல்கிறாளோ அதுதான் என் பதிலும். இல்லை என்றால் இல்லை. சரி என்றால் ஓலையை மூன்று ஞாயிறும் வரிசையாக வாசிக்கட்டும், நான் மூன்று பூசையிலும் கடைசிவரை உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். மாதாவிடம் பொறுமை கேட்டு எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. உன் வீட்டில் உலையும் மனமும் கொதிக்க வேண்டிய நேரத்தில் மட்டும் கொதிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி,
பெரியநாயகம்

பி.கு.: கவரை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதியதில் லைன், ஐம்பத்தெட்டு விநாடி, சிவப்பு விளக்கு எல்லாம் நிஜம்தான். ஆனால் அந்த ஞாயிறு நான் கதவைத் தட்டியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. கூட்ரோடில் அவ்வளவு நேரமும் நான் சும்மாதான் நின்றிருந்தேன். உள்ளேயிருந்து ஜெனிஸ் சிரிக்கிற சத்தம் கேட்டது அக்கா. வாய்விட்டு, அவ்வளவு சத்தமாக. நம் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. இவள் கல்யாணமாகிப் போய்விடுவாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதனால்தான் தட்டினேன். வெள்ளிக்கிழமை பாயில் உட்கார்ந்து மூன்று விசில் வரை யோசித்தும் இதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.