லிலாக் செடியில் நார் முடிச்சு

லிலாக் செடி பட்டுப்போயிருந்தது. வீட்டுக்கார மதாம் கிறிஸ்துமசுக்குப் பிரான்சிலிருந்து வருவதாகப் போன் வந்த அன்றுதான் கோவிந்தராசு அதன் பட்டையைச் சுரண்டிப் பார்த்தான். உள்ளே துளிப் பச்சை இல்லை.

போச்சுடா என்று உட்கார்ந்துவிட்டான். துய்மா வீதி பங்களாவில் மதாமுக்கு அந்தச் செடிதான் உயிர். அவன் மாமனார் இராமதாஸ் தோட்டக்காரராக இருந்தவரை, மதாம் வரும்போதெல்லாம் ஊதாவாகப் பூத்துக் குலுங்குமாம். அந்த மனுஷர் ஐப்பசியில் சொந்த ஊரில் கண்ணை மூடியது மதாமுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் வேலைக்கு வேறு ஆள் வந்துவிடும், குடியிருக்கும் பின்கட்டு வீட்டைக் காலி செய்ய வேண்டும். நிறைமாதமாக இருக்கும் மனைவி சரிதாவை எங்கே கூட்டிக்கொண்டு போவான்? அதனால் மதாமிடமும் தெருவிலும், மாமாவுக்கு முட்டிவலி, படுத்திருக்கிறார் என்று புளுகிக்கொண்டிருந்தான்.

வாசலில் பூ விற்கும் கொளஞ்சியிடம் ஊதா டிசம்பர் பூ வாங்கிக் கொத்துக் கொத்தாக நூலால் கட்டினான். மத்தியானமே வாடித் தொங்கியது. சர்க்கரைத் தண்ணீர் தெளித்தான், எறும்பு மொய்த்தது. எறும்புக்கு மருந்து போட்டான், பூவெல்லாம் கருகிப்போனது.

மறுநாள் காலை எல்லாவற்றையும் பிய்த்தெறியப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். செடி முழுக்கப் புதுப் பூ. அவன் கைக்கு எட்டாத உச்சிக் கிளையிலும் பூ. ஒவ்வொன்றும் வாழைநாரில், சின்ன இரட்டை முடிச்சாக. அவனுக்கு நாரில் முடிச்சே வராது. சரிதாவால் குனியக்கூட முடியாது. செடியடியில் மாமா பிடிக்கும் பீடியின் வாசனை வேறு. திருநீறு பூசிக்கொண்டு அத்தனையையும் அறுத்துப்போட்டான். அடுத்த நாள் இன்னும் நெருக்கமாகக் கட்டியிருந்தது.

மதாம் வந்திறங்கினார். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய நம்மூர்க்காரர்தான். செடியைப் பார்த்துச் சிரித்தார்.

"நட்ட வருசமே இது செத்துப்போச்சுப்பா. குளிர் தேசத்துச் செடி, இந்த வெயில்ல எங்க நிக்கும்? நான் வருத்தப்படுவேன்னு ராமதாஸ்தான் வருசா வருசம் பூ கட்டுவான். எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாது. இது அவன் முடிச்சுதான். முட்டிவலியோட ஏறியிருக்கான் பாரு. அவன் இருக்கிறவரைக்கும் ஒங்கள யாரு போகச் சொல்லுவா? கூப்பிடு அவன."

கோவிந்தராசுவுக்கு இனியும் புளுக மனம் வரவில்லை. மாமா போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கொளஞ்சி கூடையோடு கேட் அருகே வந்து எட்டிப் பார்த்தாள்.

"ராமதாஸ் அண்ணன் இப்பதான் பூ வாங்கினு உள்ள வந்தாரு, மதாம். மருமவனுக்கு நார் முடிச்சு வரல, புள்ள பொறக்கறவரைக்கும் நாந்தான் கட்டணும்னு பொலம்பிக்கினே போனாரு."