புதுக் காளைக்கு மூன்று பரிசோதனை

சுத்தக்காரர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். புதுக் காளையின் விந்துவில் ஒரு சொட்டு விட்டு வைத்த தட்டு அது. கிருமிகள் புள்ளி புள்ளியாக முளைத்திருந்தன. கால்நடை விந்து வங்கியின் ஆய்வுக்கூடம் அவர் பொறுப்பு. சுத்தக்காரர் என்பது கையைக் கழுவிக் கழுவியே வாங்கிய பட்டப்பெயர்.

"இதை உறைய வச்சு அனுப்புனா சினை பிடிக்காது, நோய்தான் பிடிக்கும்," என்றார் பெரிய டாக்டர். "இந்த மாட்டை வாங்கியே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னது நீங்க. இன்னும் ரெண்டு தடவை பாப்பேன். தேறலைன்னா மாட்டோட நீங்களும் கிளம்ப வேண்டியதுதான்."

சுத்தக்காரர் கொட்டகைக்கு ஓடினார்.

"அண்ணே, இவனை அடிவயித்துலேர்ந்து தேச்சுக் குளிப்பாட்டணும்."

"பளபளன்னுதானே இருக்கான்?" என்றார் கொட்டகைக்காரர்.

"என் பொழப்பே இதுல இருக்குண்ணே!"

இருவரும் தினமும் தேய்த்தார்கள். வீட்டில் மனைவி மூக்கைச் சுளித்தாள். "நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட உங்ககிட்ட இவ்ளோ சோப்பு வாசனை இல்லையே!"

அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை.

அடுத்த முறையும் கொட்டகைக்காரர் சுவரிலிருந்த சின்ன ஜன்னல் வழியாக விந்துக் குழாயை நீட்டினார். விந்து எடுக்கும் நேரத்தில் கொட்டகை ஆள் ஆய்வுக்கூடத்துக்குள் வரக் கூடாது, ஆய்வுக்கூட ஆள் கொட்டகைப் பக்கம் போகக் கூடாது. சுத்தக்காரரே போட்ட சட்டம்.

இம்முறை தட்டில் புள்ளிகள் இல்லை. திட்டுத் திட்டாகப் படர்ந்தே விட்டிருந்தது.

"முடியிலதாண்ணே கிருமி ஒளிஞ்சிருக்கு!" என்று கத்தரிக்கோலோடு குனிந்தார். காளை விட்ட உதையில் தீவனத் தொட்டிக்குள் போய் உட்கார்ந்தார். எப்படியோ அடிவயிற்று முடியை வெட்டியாயிற்று. பயம் மட்டும் குறையவில்லை.

கடைசிப் பரிசோதனை. விந்துவோடு கலக்கும் கரைசலில் கிருமிக்கொல்லி மருந்தை அளவாகத்தான் விட வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூட விட்டார். மனசு ஆறாமல் இன்னும் கொஞ்சம் விட்டார்.

தட்டு துடைத்துவிட்டது போல் இருந்தது. சுத்தக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

பெரிய டாக்டர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். "கிருமி ஒண்ணுகூட இல்ல."

"ரொம்ப நன்றிங்க டாக்டர்!"

"உயிரணுவும் ஒண்ணுகூட அசையல. எல்லாம் செத்துக் கிடக்கு. மாட்டை நாளைக்கே வண்டியில ஏத்துங்க. நீங்களும் மேசையைக் காலி பண்ணிடுங்க."

சுத்தக்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். டாக்டர் அசையவில்லை. வாசலில் நின்ற கொட்டகைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"டாக்டரய்யா, அந்தப் புதுக் காளை மேல பழி போடாதீங்க. வந்த நாள்லேர்ந்து அவன் மிரண்டுபோய் ஒரு சொட்டுகூடக் குடுக்கல. சொன்னா இவரு முகம் வாடிடுமேன்னு, மூணு தடவையும் கழுவக்கூட நேரமில்லாம நான் புடிச்சுக் குடுத்தது, நீங்க தினமும் வந்து கொஞ்சிட்டுப் போவீங்களே, அந்தக் காளையோடதுங்க."